கர்னலும் பச்சை நூலும்

கைகளை மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டுக் கழுவிய கர்னல், துண்டைத் தொடாமல், இரண்டு கைகளையும் காற்றில் உதறிக்கொண்டே அறைக்குள் வருகிறார். துண்டில் துடைத்தால் பஞ்சு ஒட்டும். கையில் ஒட்டிய பஞ்சு பதக்கத்தின் ரிப்பனில் போய் உட்காரும். முழங்கையால் விளக்கின் சுவிட்சைத் தட்டுகிறார். வெள்ளைப் பருத்திக் கையுறைகளை விரல் விரலாக இழுத்து மாட்டிக்கொள்கிறார். மேலிருந்து மூன்றாவது இழுப்பறையை ஒரு சாண் திறந்து, பெருவிரலும் நடுவிரலும் விளிம்பை மட்டும் தொடும்படி ஒரு வெள்ளிப் பதக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். ஒரு நிமிடம் பார்க்கிறார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடிவிடுகிறார். அவ்வளவுதான். இந்த ஒரு நிமிடத்துக்கு ஏழு நிமிட ஏற்பாடு. இது தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன்.

"பல்லை விளக்கறாரோ இல்லையோ, இதை விளக்காம வெளியே போகமாட்டார்" என்பார் அவர் மனைவி. அது சும்மா வாய்ப்பேச்சு. கர்னல் எதையும் விளக்குவதில்லை. பழைய பதக்கத்தைப் பளபளப்பாக்குவது அவர் கணக்கில் கொலைக்கு அடுத்த குற்றம். கறுத்துப்போன வெள்ளியைப் பார்த்து யாராவது, கொஞ்சம் பற்பொடி போட்டுத் தேய்த்தால் ஜொலிக்குமே என்று யோசனை சொன்னால் அவர் முகம் புளித்துவிடும். "தேய்ச்சா போச்சுங்க. அம்பது வருஷம் சேர்ந்த கறுப்பு. எந்தக் கடையில போய் வாங்குவீங்க?" என்பார்.

கர்னல் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்தவரில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ்களைச் சாணைக் கல்லில் பிடித்து, ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. இருபத்தொன்பது வருடமாக அதே ஸ்டூல், அதே கல், அதே ஈர வாடை. பட்டப்பெயர் கடை முதலாளி கொடுத்தது. ஒருநாள் சாணை மேசையின் கீழிருந்து ஒரு பல்லி ஓட, இவர் கையிலிருந்த லென்ஸோடு ஸ்டூலின் மேல் ஏறி நின்றுவிட்டார். முதலாளி வாசலில் வந்து விறைப்பாகச் சல்யூட் அடித்து, "கர்னல் சார், எதிரி ஓடிட்டான். இறங்கலாம்" என்றார். வீடு முழுக்க ராணுவப் பதக்கங்களை வைத்திருக்கும் மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? ஒட்டிக்கொண்டது. இப்போது தபால்காரர்கூடக் கர்னல் வீடு என்றுதான் விசாரிக்கிறார்.

பட்டாளத்துக்கே போகாதவருக்கு எதற்கு இந்தப் பைத்தியம் என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "சண்டைனா எனக்கு ஆகாதுங்க. சண்டைக்குப் போயிட்டு வீடு திரும்பினவங்கதான் எனக்கு வேணும்."

ஆரம்பித்து வைத்தது அவருடைய அக்கா. வேண்டுமென்று செய்ததல்ல. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைக்கப் போன அக்கா, முதல் குளிர்காலத்தில் தம்பிக்குப் பழைய துணிக் கடையிலிருந்து ஒரு காக்கிக் கோட்டு வாங்கி வந்தாள். அளவு குறைக்கப் பிரித்தபோது உள்துணிக்குள்ளிருந்து தொப்பியில் குத்துகிற பித்தளைச் சின்னம் ஒன்று விழுந்தது. குப்பைக் கூடையில் போடப் போனாள். பதினோரு வயதுத் தம்பி அதைப் பிடுங்கிக்கொண்டு, இது யாருடையது என்று கேட்டான். யாருக்குத் தெரியும் என்றாள். அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை. நாற்பத்தொரு வருடம் ஆகிறது, இன்னும் போதவில்லை.

பதக்கத்தின் முகத்தில் இருக்கும் தலையையும் சிங்கத்தையும் பார்த்து மற்றவர்கள் மயங்குவார்கள். கர்னல் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ராணுவப் பதக்கங்கள் பலவற்றில் விளிம்பைச் சுற்றி, அதைப் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். "முகத்தைப் பார்க்காதீங்க, விளிம்பைப் பாருங்க. முகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். விளிம்புதான் ஆளு" என்று சொல்லி, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை நம் கையில் திணிப்பார். ஒருவர் பெயரை அழித்துவிட்டு இன்னொருவர் பெயரைப் பொறித்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அழித்த இடத்தில் விளிம்பு மயிரிழை மெலிந்திருக்கும். லென்ஸின் கனம் பார்க்கும் கருவியாலேயே அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

அவருக்கு ஈரம்தான் ஜன்மப் பகை. புதுச் செருப்புப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் போட்டிருப்பார்களே, அவற்றை அந்தத் தெருவில் யாரும் எறிவதில்லை. செருப்பு வாங்கியவர்கள் காலில் போட்டுப் பார்க்கும் முன் பொட்டலத்தைக் கர்னல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் கல்யாண நாளுக்கு வாங்கிய இரண்டு ஜோடிச் செருப்பை மனைவி முதலில் பார்த்தாரா, கர்னல் பார்த்தாரா என்பது அந்த வீட்டில் இன்றும் தீராத வழக்கு.

கர்னலின் மனைவி குறை சொல்வதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் குறையில் ஒரு ருசி இருக்கும். "இருபத்தாறு வருஷ சர்வீஸ். எனக்கு ஒரு மெடல் கிடையாதா?" என்று ஒருநாள் கேட்டார். நீண்டகாலச் சேவைப் பதக்கம் கிடைக்கச் சேவை மட்டும் போதாது, நன்னடத்தையும் வேண்டும். கர்னல் மிகுந்த பணிவோடு, "சர்வீஸ் இருக்கு. நன்னடத்தைக்கு யாரு கையெழுத்துப் போடுறது?" என்றார். அன்று அவருடைய தேநீரில் சர்க்கரை இல்லை.

பதிவு நோட்டு அக்காவின் பொறுப்பு. தம்பி வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே நான்கு வீடுகள். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாரம் இரண்டு மாலை வந்து உட்கார்ந்து, கோடு போட்ட பெரிய நோட்டில் எழுதுவாள். எங்கே கிடைத்தது, என்றைக்கு வந்தது, 'வந்தபடி' என்று ஒரு கட்டம், 'நாம் செய்தது' என்று ஒரு கட்டம். எப்படி வந்ததோ அப்படியே எழுத வேண்டும். அழுக்கென்றால் அழுக்கு, கிழிசலென்றால் கிழிசல். அறுந்த நூல், துருப்பிடித்த ஊசி எதையும் எறியாமல் உறையில் போட்டு, எண் எழுதி, அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவாள். முப்பத்துநான்கு வருடம் பட்டனை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்த கை. படித்தவர்கள் வந்து நோட்டைப் புரட்டிவிட்டு, இதை எழுதியது எந்தப் பேராசிரியர் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் அக்கா என்று கர்னல் சொல்லும்போது அக்கா சமையலறைக்குப் போய்விடுவாள். அவளுக்கு அங்கே எந்த வேலையும் இருக்காது.

அவர்களுடைய சேகரிப்பாளர் சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை காட்சி நடக்கும். பெரிய கூடத்தில் ஆளுக்கு ஒரு மேசை. ராணுவ அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் நடுவராக வந்து மதிப்பெண் போடுவார். கர்னல் மூன்று வருடமாக இரண்டாவது. முதலாவது எப்போதும் பல் டாக்டர்தான். பல் டாக்டரின் மேசையில் வெல்வெட், விளக்கு, சுழலும் பீடம் எல்லாம் உண்டு. பழைய ரிப்பன்களைக் கழற்றிவிட்டுப் புது ரிப்பன் போட்டுவிடுவார். "எல்லாத்துக்கும் புதுப்பல் கட்டி விட்டுடறார் மனுஷன்" என்று கர்னல் முணுமுணுப்பார். ஆனால் பல் டாக்டரிடம் பிழை இருக்காது. போன வருடம் கர்னலை ஒற்றை மதிப்பெண்ணில் கவிழ்த்தது தலைகீழாக மடிந்திருந்த ஒரு ரிப்பன். அதைச் சொல்லிச் சொல்லி அவர் மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொல்வார். இரண்டு மாதம்தான் என்று அக்காவுக்குத் தெரியும்.

இந்த வருடம் முதலிடத்தை விடுவதில்லை என்று இருந்தார். அதற்கான சரக்கும் கையில் இருந்தது. ஒரே பட்டையில் தைத்த நான்கு பதக்கங்கள், நான்கின் விளிம்பிலும் ஒரே எண், ஒரே பெயர். ராணுவ லாரி ஓட்டியவர். பாதி இடிந்த பாலத்தின் மேல் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மூன்று தடவை போய்வந்ததற்காகத் துணிவுப் பதக்கம் பெற்றவர். ஒருவர் பதக்கங்கள் நான்கு கைக்குப் போய் நான்கு ஊருக்குச் சிதறுவதுதான் வழக்கம். இவை ஒன்றாகவே, பழைய சாமான் வியாபாரியிடம் ஒரு பட்டன் டப்பாவுக்குள் போன காட்சிக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தன.

காட்சிக்குச் சங்கம் அச்சடித்த துண்டறிக்கையில் இந்த வரிசையைப் பற்றித்தான் எழுதியிருந்தது. கர்னலுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் கண்ணாடி மாட்டிப் பார்ப்பவர்களுக்குப் படிக்கக் கொடுக்கும் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வாரம் முழுக்கத் துண்டறிக்கையையே கொடுத்தார். கண்ணுக்குக் கண்ணும் ஆச்சு, விளம்பரத்துக்கு விளம்பரமும் ஆச்சு.

திங்கட்கிழமை எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் புதுக் கண்ணாடிக்காக வந்தார். கர்னலே முன்னறைக்கு வந்து கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுப் பக்கம் வளைத்துச் சரிசெய்து, துண்டறிக்கையை நீட்டினார். அம்மாள் கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தவர், மூன்றாவது வரியில் நின்றுவிட்டார்.

"எழுத்து தெரியலையாம்மா? பவர் பத்தலையா?"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றவில்லை. "எழுத்து நல்லா தெரியுது தம்பி. ஆளும் தெரியுது" என்றார்.

அந்த லாரி டிரைவரின் மனைவி அவர். கணவர் இறந்தபின் மகனோடு சின்ன வீட்டுக்குக் குடி மாறியபோது பெரிய மர பீரோவைக் கொடுத்துவிட்டார்கள். அதன் திறக்க வராத இழுப்பறைக்குள் பட்டன் டப்பா இருந்தது யாருக்கும் நினைவில்லை. நினைவு வந்தபோது பீரோ எந்தத் திசையில் போயிற்று என்று சொல்ல ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னார் கர்னல். காட்சிக்கு அப்போது சரியாக ஒரு வாரம். அன்று காலை கைகளை ஐந்து முறை கழுவினார். கேட்டால் கொடுத்துத்தானே ஆகவேண்டும் என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னார். கொடுத்துவிட்டால் மேசையில் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்கும் தெரியும். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மாள் வந்தார். தேநீர் வேண்டாமென்றார். கர்னல் வரிசையைத் தட்டோடு தூக்கி முன்னால் வைத்தார். நான்கு பதக்கமும் விதிப்படி: துணிவுப் பதக்கம் நெஞ்சின் நடுப்பக்கம், அடுத்தது போர்முனைப் பதக்கம், பிறகு நீண்டகாலச் சேவை, கடைசியில் அந்த வருடம் பணியில் இருந்த எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்த சாதாரணப் பதக்கம். அம்மாள் குனிந்து பார்த்தார். விளிம்பைப் படித்தார். பட்டையைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தார். பிறகு தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"பேரு அவரு பேருதான் தம்பி. ஆனா இது அவர் குத்திக்கிட்டது இல்லை. அவரோடதுல மஞ்சள் கோடு போட்ட ரிப்பன்தான் முதல்ல இருக்கும். இது வேற யாரோ கட்டினது."

மஞ்சள் கோடு போட்டது அந்தச் சாதாரணப் பதக்கம்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் பேசாமல் இருந்தால் போதும். அந்த அம்மாள் எழுந்து போய்விடுவார். இது அவருடையதில்லை என்று அவரே சொல்லியாகிவிட்டது. வரிசை இங்கேயே இருக்கும், அடுத்த ஞாயிறு கூடத்துக்குப் போகும், பல் டாக்டர் இரண்டாவது ஆவார். அக்காவின் விரல் நோட்டில் ஒரு பக்கத்தின் மேல் இருந்தது. திறப்பது அவள் வேலை இல்லை. தம்பியை அவள் வளர்த்தது இதுபோன்ற ஒரு நிமிடத்துக்காகத்தானோ என்னவோ, அவளுக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. விரலை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை.

கர்னல் கையுறைகளைக் கழற்றினார்.

"அக்கா, அந்தப் பக்கத்தை எடு."

எடுத்தாள். அம்மாள் தம் புதுக் கண்ணாடியால் அவள் கையெழுத்தைப் படித்தார். 'வந்தபடி: பச்சை நூலில் தைத்தது. கைத்தையல், நெருக்கம் சீராக இல்லை. வரிசை தவறு, பொதுப் பதக்கம் முதலில்.' பக்கத்துக் கட்டத்தில், 'நாம் செய்தது: நூல் பிரித்து, சரியான வரிசையில் தம்பி நீல நூலால் தைத்தான்.' கீழே ஒட்டியிருந்த உறைக்குள் ஒரு விரல் நீளம்கூட இல்லாத பச்சை நூல் துண்டுகள்.

"நான்தாம்மா பிரிச்சேன். தப்பா இருந்துச்சு, சரி பண்ணேன்" என்றார் கர்னல்.

அம்மாள் நூலை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். அழவில்லை. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பெரிய அணிவகுப்பு ஒன்றின் காலையில், ஜன்னல் திரைக்கு வாங்கிய பச்சை நூலைத் தவிர வீட்டில் வேறு நூல் இல்லாமல், அவர்தான் அதைத் தைத்தாராம். கல்யாணமாகி எட்டு மாதம். எது பெரிது, எது சின்னது என்று யார் கண்டது? பார்க்க அழகாக இருந்த மஞ்சள் கோட்டை முதலில் வைத்தார். அணிவகுப்பு முடிந்து வந்த கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரி எல்லார் முன்னாலும் நிறுத்தி, உனக்கு வரிசை தெரியாதா என்று கேட்டதும், பக்கத்தில் நின்றவர்கள் சிரித்ததும் வேறொரு டிரைவரின் மனைவி சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது.

"பிரிச்சுத் தைக்கறேன், குடுங்கன்னு கேட்டேன். குடுக்கலையே. 'வீட்ல தைச்சது சார்'னு அந்த ஆபீசர்கிட்டயே சொல்லிட்டாராம். அதுக்கப்புறம் எத்தனை தரம் குத்தினாலும் அப்படியேதான் குத்தினார். நானும் சொல்லிப் பார்த்து விட்டுட்டேன்."

கர்னல் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். சொல்லும்போது தட்டைப் பார்க்கவில்லை. அம்மாள் மறுத்துவிட்டார். மகன் வீட்டில் தம்முடைய துணிக்கே இடமில்லை என்றும், பேரன் இதைக் கண்டால் நாய் கழுத்தில் கட்டிவிடுவான் என்றும் சொன்னார். இங்கே இருக்கட்டும்; இவ்வளவு எழுதி வைத்திருக்கிறீர்கள். பழையபடி தைத்து வைத்தால் போதும்.

"அடுத்த வாரம் தைச்சுடறேம்மா" என்றார் கர்னல்.

அடுத்த வாரம் என்றால் காட்சி முடிந்த பிறகு. அம்மாளுக்கு அது தெரியாது. சரி என்று போய்விட்டார்.

செவ்வாயன்று கர்னல் ஒரு லென்ஸை உடைத்தார். கடையில் கடைசியாக அவர் லென்ஸ் உடைத்து ஒன்பது வருடம் ஆகிறது. முதலாளி பல்லியா என்று கேட்டார். இவர் சிரிக்கவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு மேசையில், அணியும் வரிசைக்கு மட்டும் நடுவர் பத்து மதிப்பெண் வைத்திருக்கிறார் என்று மனைவியிடமும் அக்காவிடமும் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரம்தானே, ஒரு வாரத்தில் யாருக்கு என்ன நஷ்டம் என்றார். யாரும் ஒன்றும் கேட்காமலே மூன்று தடவை விளக்கினார்.

மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "பொண்டாட்டி தைச்சதைப் போட்டுட்டு அந்த மனுஷன் அவ்வளவு பெரிய ஆபீசர் முன்னாடி நின்னார். இவருக்குப் பல் டாக்டர் முன்னாடி நிக்க முடியலை. என்ன அண்ணி, நான் சொல்றது?" என்று அக்காவைக் கேட்டார்.

மறுநாள் காலை அக்கா உறையை எடுத்துக்கொண்டு நூல் கடைகளுக்குப் போனாள். முதல் கடைப் பச்சையில் நீலம் கூடுதல். இரண்டாவது கடைப் பச்சை மினுக்கியது. மூன்றாவது கடையில் வாசலுக்கு வந்து வெயிலில் வைத்து ஒப்பிட்டாள்; கடைக்காரர் எல்லாம் ஒரே பச்சைதானே அக்கா என்றதை அவள் காதில் வாங்கவில்லை. நூலோடு கண்ணாடிக் கடைக்குப் போனபோது, தம்பி ஏற்கெனவே பின்னறையில் சாணை மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, நான்கு பதக்கங்களையும் பட்டையிலிருந்து பிரித்து வைத்திருந்தான். ஸ்டூலில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். மதிய இடைவேளையில் கர்னலே போய் அழைத்து வந்திருக்கிறார்.

ஊசியில் நூல் முதல் முயற்சியிலேயே நுழைந்தது. "பவர் சரியா இருக்கு தம்பி" என்றார் அம்மாள். கர்னலுக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமைதான். எந்தப் பக்கம் பிடிப்பது, எங்கே குத்துவது என்று சொல்லப் போய், அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். தையல் சீராக வரவில்லை. அன்றும் வரவில்லை என்று நோட்டில் இருக்கிறது.

ஞாயிறு. கூடம் நிறைந்திருந்தது. பல் டாக்டரின் பீடம் சுழன்றுகொண்டிருந்தது. கர்னலின் மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள்: ஒன்றில் நோட்டோடு அக்கா, இன்னொன்றில் அம்மாள், பக்கத்து மேசையின் பொடி எழுத்து அட்டைகளை இருந்த இடத்திலிருந்தே படித்துக்கொண்டு. நடுவில் வைத்த லாரி டிரைவர் வரிசைக்கான அட்டையை அக்கா மூன்று தடவை எழுதிப் பார்த்து, கடைசியில் எண், பதவி, பெயருக்குக் கீழே இரண்டே சொல் எழுதியிருந்தாள்: 'அணிந்தவர் அணிந்தபடி.'

நடுவர் வந்தார். நல்ல மனிதர், கர்னல்மேல் அவருக்கு மதிப்பு உண்டு. முதல் வரிசைக்குத் தலையை ஆட்டினார். இரண்டாவதற்கும் ஆட்டினார். நடு வரிசையின் முன்னால் குனிந்தவர் நிமிர்ந்தபோது, அவர் முகத்தில் கோபமில்லை, கவலைதான் இருந்தது.

"என்ன சார் இது? வேற யாராவதுன்னா தப்புன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். நீங்க இப்படிச் செய்யலாமா?"

அவர் அப்படி அணிந்தார் என்று கர்னல் சொன்னார். அணிந்தவர் பிழையாக அணிந்திருக்கலாம், காட்சிக்கு வைக்கும்போது நாம்தான் திருத்த வேண்டும், விதி அப்படித்தான் என்றார் நடுவர். இரண்டு மேசை தள்ளிப் பல் டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். நடுவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இது ஒன்றுதான் இடிக்கிறது, மற்றபடி இந்த வருடம் உங்கள் மேசைதான் என்றார். அட்டை வெட்டுவதற்காக மேசை ஓரத்தில் வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துக் கர்னலின் கையில் கொடுத்தார்.

"நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன். அதுக்குள்ள பிரிச்சு மாத்திடுங்க. நான் பார்க்கலைன்னு வெச்சுக்கறேன்."

கர்னல் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். பின்னால் அக்கா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். அவர் குனிந்து, பட்டையை லேசாகத் தூக்கி, மஞ்சள் கோட்டு ரிப்பனின் அடியில் கத்தரிக்கோலை நுழைத்தார். அங்கே முடிச்சுக்கு வெளியே அரை அங்குலம் பச்சை நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் நறுக்கினார். நறுக்கிய துண்டைத் திரும்பிப் பார்க்காமலே பின்பக்கம் நீட்டி அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு கத்தரிக்கோலின் கூர்முனையைத் தம் பக்கம் திருப்பிப் பிடித்து, கைப்பிடி நடுவரின் பக்கம் இருக்கும்படி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.